நாலு மணியும் ஒரு 'க்கு'வும்

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் தங்கை, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அங்கே நீ, மருமகள், குழந்தைகள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் வேலை வந்துவிட்டது என்று பாதியில் வைத்துவிடுவாய், இது உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம்.

இங்கே வெயில் தணிந்துவிட்டது. காலையில் ஆற்றின் மேல் புகை போல மூட்டம் நிற்கிறது, எட்டரைக்கெல்லாம் கலைந்து வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி ஆகிவிடுகிறது. கரையோர மரங்கள் பழுத்த இலையை விட ஆரம்பித்துவிட்டன, உன் தங்கை கூட்டிக் கூட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஊரெல்லாம் அழகு அழகு என்கிறது. எனக்கு இந்த வானத்தைக் கண்டாலே ஆகாது, உனக்குத் தெரியும். அறுபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளம் வந்தது இதே மாதிரி ஒரு நாளில்தான், தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம் கிடையாது, மழையெல்லாம் மலைப்பக்கம் கொட்டியிருந்தது. எனக்கு ஒன்பது வயசு. உன் தாத்தா பாலத்துக் காவல்காரர், தூணில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து மணியை அடித்தார். கீழத்தெருவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, வெயில் பல்லைக் காட்டுது, காவல்காரனுக்கு வெள்ளம் தெரியுதாம் என்று சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் வீடுவாரியாகச் சொல்வேன். மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது, ஏழு பேர் போனார்கள். மறுநாள் பழியைப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. தூங்கிவிட்டான், பிந்தி அடித்தான் என்று உன் தாத்தாவை வேலையைவிட்டுத் துரத்தினார்கள். நீ மூணாங்கிளாஸில் தூங்குமூஞ்சி பேரன் என்று சொன்னவன் மூக்கை உடைத்துவிட்டு வந்து நின்றாயே, உன்னை அடித்துவிட்டு நான் சமையலறையில் போய் அழுதேன், அது உனக்குத் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாலத்துக்கு நூற்றைம்பது வயசாகிறது என்று நகராட்சி வெண்கலத்தில் ஒரு பலகை வைக்க ஏற்பாடு செய்தது. வாசகம் எழுதினது யார் என்று நினைக்கிறாய், உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றைக்கு என்னைப் பார்த்துக் கையெழுத்தா ரேகையா என்று கேட்டாரே, அந்தக் கண்ணாடி வாத்தியார்தான். ரிட்டயரானதும் ஊர்ச் சரித்திரக்காரர் ஆகிவிட்டார். வாசகத்தை நூலகத்து வாசலில் ஒட்டியிருந்தார்கள், மூன்று மணிக்கு வெள்ளம் புகுந்த பின் காவலர் நான்கு மணிக்கு மணியடித்தார் என்று. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். காகிதத்தில் எழுதின பொய் கிழிந்து போகும், வெண்கலத்தில் வார்த்தது பேரன் பேத்தி காலத்துக்கும் நிற்குமே. இதற்கு என்ன ஆதாரம் என்று நூலகத்துப் பெண்ணிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, உங்க அப்பா எழுதின நோட்டே இருக்கு பெரியம்மா, உட்காருங்க என்று கொண்டுவந்து வைத்தாள். அப்பா கையெழுத்து எனக்குத் தெரியாதா, ஒவ்வொரு எழுத்தும் மூட்டை தூக்குகிற ஆள் மாதிரி சாய்ந்து நிற்கும். விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாலு மணி அடித்தேன் என்று இருந்தது. நாலு மணிக்கு இல்லை, நாலு மணி. படகு வந்தால் ஒரு மணி, தீப்பிடித்தால் ரெண்டு, பாலம் மூடினால் மூன்று, வெள்ளத்துக்கு நாலு, எங்கள் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். அப்பாவிடம் கடிகாரமே கிடையாது. வாத்தியார் தன் பங்குக்கு ஒரு 'க்கு'வைச் சேர்த்து அவரைத் தூங்க வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நகராட்சிக் கூடத்துக்குப் போனேன். பாவம் வயசாச்சு, சொந்த அப்பாவை விட்டுக்கொடுக்க மனசு வருமா என்று வாத்தியார் சபைக்குச் சொன்னார். நான் நூலகத்துப் பெண் கொண்டுவந்திருந்த அப்பா நோட்டில் வெள்ளத்துக்கு முந்தின நாள் பக்கத்தைத் திருப்பி, இதை உரக்கப் படிங்க வாத்தியாரே என்றேன். ஒரு மணி அடித்தேன், ஒரு மணி அடித்தேன் என்று படித்துக்கொண்டே போனார், பதினோரு வரி. ஒரே நாளில் பதினோரு தடவை ஒரு மணி ஆச்சா, உங்க கடிகாரத்தை எங்கே வாங்கினீங்க என்று கேட்டேன். நகராட்சித் தலைவரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பின்வரிசை பொத்தவே இல்லை. பிறகு வெள்ளப் பக்கத்தை எடுத்து, நாலு மணி அடித்தேன் என்ற வரிக்கு அடுத்த வரியையும் படிங்க என்றேன். மில்லில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது என்று இருந்தது. அந்தச் சங்கு எத்தனைக்கு ஊதும் என்று நான் கேட்பதற்குள் கூடத்திலிருந்த கிழவர்கள் அத்தனை பேரும் பன்னிரண்டரை என்றார்கள். ரெண்டரை மணி நேரம் முன்னாலேயே சொல்லியிருக்கிறார் மகராசன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்று காலை பலகை ஏறிவிட்டது. வெள்ளத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே காவலர் நான்கு முறை மணியடித்து ஊரை எச்சரித்தார் என்று பொன் மாதிரி மின்னுகிறது. ஊர் கேட்கவில்லை என்றும் போடச் சொன்னேன், இடமில்லையாம். இருக்கட்டும், அதை நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன். வாத்தியார் கிட்டே வந்து, தப்பாப் படிச்சிட்டேன், மன்னிச்சிடுங்கம்மா என்றார். யோசிச்சுச் சொல்றேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு இதை நீயே சொல்லு, மருமகளிடம் விட்டால் சுருக்கிவிடுவாள். இருமலுக்கு வைத்தியரைப் பார்த்தாயா என்று எழுதவே இல்லை, காலைக் குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கரை தாண்டாத ஆறு போல நீங்கள் எல்லோரும் நிறைந்து இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பாலத்துக் காவல்காரர் மகள்,
உன் அம்மா.