யாரிடம் சொல்லக் கூடாது

ஐரோலி
6.1.2025

அன்புள்ள விசாலாக்ஷி மாமிக்கு,

வாட்ஸாப்பில் எழுதினால் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பி முடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். வேலை கிடைத்துவிட்டது. ஆனால் இனி உங்கள் விடுதியில் தங்க மாட்டேன்.

நான் மும்பையில் வந்து இறங்கியதும் ஊரில் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து, "கொழந்தை பத்திரமா வந்து சேர்ந்துட்டா" என்றீர்களே, யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? பார்த்த மாப்பிள்ளை வேண்டாமென்று, சொல்லாமல் கிளம்பி வந்தவள் நான். மறுநாளே அண்ணன் அஷ்வத் வந்துவிட்டான். ஆதாரைக் காட்டினானாம், மாற்றுச் சாவியால் நீங்களே என் அறையைத் திறந்துவிட்டீர்கள். அவன் என்னைப் படியில் இழுத்துப் போனதை உங்கள் கேமரா அழகாகப் படம் எடுத்திருக்கும். கையை உதறிக்கொண்டு ஓடியதால்தான் நேர்காணலுக்குப் போக முடிந்தது.

அறையில் விட்டுவந்த என் பெட்டியை, உறையில் எழுதியிருக்கும் அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள்.

ஹரிதா

மாட்டுங்கா
11.1.2025

அன்புள்ள ஹரிதாவுக்கு ஆசீர்வாதம்.

எனக்கும் கோபம் வரும். வாசலில் காவலாள், மாடிக்கு மாடி கேமரா, ராத்திரி கேட்டுக்குப் பூட்டு. தனியாக வரும் பெண்ணுக்கு ஒன்று ஆனால் ஊர் என்னைத்தானே கேட்கும்? பெற்றவர்களுக்குப் போன் செய்வது விடுதி தொடங்கிய நாளிலிருந்து வழக்கம். அண்ணனே ஆபத்து என்று எந்தக் கேமரா எனக்குச் சொல்லும்?

பெட்டியில் நாரத்தங்காய் ஊறுகாய் வைத்திருக்கிறேன். அதைத் திருப்பி அனுப்பிவிடாதே.

விசாலாக்ஷி

ஐரோலி
17.1.2025

மாமி,

ஊறுகாய் தீர்ந்துவிட்டது, கோபம் தீரவில்லை. கேமரா சொல்லாது. என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

ஹரிதா

மாட்டுங்கா
2.2.2025

ஹரிதா,

நேற்று அஷ்வத் மறுபடி வந்தான். உன் முகவரி வேண்டுமாம். "தெரியும், சொல்ல மாட்டேன்" என்றேன். "பொண்ணுங்களுக்குப் பாதுகாப்புன்னு போர்டு வெச்சிருக்கீங்க?" என்று கத்தினான். "அதுக்குத்தான்டா சொல்ல மாட்டேங்கறேன்" என்றேன். போலீசுக்குப் போவேன் என்றான். ஸ்டேஷனுக்கு வழி சொல்லி அனுப்பினேன்.

"எதுக்கும்மா வம்பு?" என்கிறான் என் பிள்ளை நகுல். விடுதி என்னுடையது, வம்பும் என்னுடையதாக இருக்கட்டும்.

இப்போதெல்லாம் வருகிறவளிடம் ஆதாருக்கு முன்னால், "யார்ட்ட சொல்லணும், யார்ட்ட சொல்லப்படாது?" என்றுதான் கேட்கிறேன். உள்ளிருந்து மட்டும் திறக்கும் தாழ்ப்பாள் எல்லா அறைக்கும் போட்டாயிற்று. நீ வந்தாலும் வராவிட்டாலும் இனி இப்படித்தான்.

விசாலாக்ஷி

ஐரோலி
8.2.2025

அன்புள்ள மாமிக்கு,

இங்கே நான் தங்கியிருக்கும் விடுதியில், என் அறையின் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். சிரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பெட்டியோடு வருகிறேன்.

அண்ணனிடம் சொல்லக் கூடாது. அம்மாவிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். வந்து சேர்ந்ததும் நானே போன் செய்துகொள்கிறேன்.

உங்கள் ஹரிதா