நார்வேக்காரன் வெள்ளை

கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, உங்கள் மகள் மல்லிகா பெயிண்ட் டின்னைத் திறந்துவிட்டாள். மூடி கழன்றதும் அந்த வாடை அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. உங்கள் சட்டையில், தலைமுடியில், நீங்கள் தொட்ட சோற்றுத் தட்டில் எல்லாம் இருந்த அதே வாடை. வேலை விட்டு வந்துவிட்டீர்களாக்கும் என்று கோப்பிக்குத் தண்ணீரைக்கூட அடுப்பில் வைத்துவிட்டேன். நீங்கள் போய் நாலு வருசம் ஆகிறது. என் புத்தியை என்ன சொல்ல!

டின்னில் இருப்பது மஞ்சள். அடுத்த மாதம் மல்லிகாவை நிச்சயம் பண்ண வருகிறார்கள். வீடு பளிச்சென்று இருக்கவேண்டுமாம். அதாவது நீங்கள் பூசிய வெள்ளை இன்றோடு போகப்போகிறது. அதைப் பற்றி உங்களிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவேன்?

கெர்பாவ் ரோட்டுக் கடைவீட்டு மாடியில், சன்னல் இல்லாத அறையில், புழுங்கிச் செத்தோமே, அப்போதே நான் முடிவு பண்ணி வைத்திருந்தேன். சொந்தமாக ஒரு வீடு என்று வந்தால் கூடத்துக்குக் கிளிப்பச்சை, படுக்கிற அறைக்கு ரோஸ். குவீன்ஸ்டவுனில் இந்த அடுக்குமாடி வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் நீங்கள் கொண்டுவந்தது என்ன? வெள்ளை. அதுவும் சுத்த வெள்ளை இல்லை. ஒரு துளி கறுப்பும் கொஞ்சம் காவியும் கலந்து, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வெள்ளை. கதவுக்கும் நிலைக்கும் மட்டும் கருநீலம். தஞ்சோங் பகார் துறையில் வந்து நிற்கும் நார்வே கப்பலிலும் டென்மார்க் கப்பலிலும் அறைகளுக்கு நீங்களே அடித்த வர்ணம் அது. அந்த நாட்டு வீடுகளும் அப்படித்தானாம்.

"அவன் ஊர்ல பாதி வருசம் வெயிலே கிடையாதாம் புள்ள. அதான் வெளிச்சத்தச் சுவத்துல பூசி வெச்சுக்கிறான்" என்றீர்கள்.

நமக்கு வெயிலுக்கு என்ன பஞ்சம், வாசலில் காய்கிறது, வேண்டுமட்டும் அள்ளிக்கொண்டு வாருங்கள் என்றேன். சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே மூன்று சுவரை அடித்து முடித்துவிட்டீர்கள். உங்கள் பிடிவாதம் அப்படி, குரலே உயராது.

வர்ணத்தோடு விட்டீர்களா? சாமானும் குறையவேண்டும் என்றீர்கள். என் பித்தளைக் குடங்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. கூடத்தின் நடுவில் ஒரு துரும்பு இருக்கக்கூடாது. சுவரை ஒட்டி ஒரு தேக்குப் பெஞ்சு, அதன்மேல் கடுகு நிறத்தில் ஒரு மெத்தை, அவ்வளவுதான். கோப்பிக் குவளைகூடக் கருநீலம். வெள்ளை மேசைமேல் அது எடுப்பாக இருக்கிறதாம். நான் முக்காலியை அதன் இடத்தை விட்டு ஒரு சாண் நகர்த்தி வைத்தாலும் உங்களுக்குப் பொறுக்காது. கப்பல்காரன் புத்தி வந்துவிட்டது என்று கேலி பண்ணினேன்.

பால் காய்ச்சிய அன்று உங்கள் அக்கா வந்தார். செருப்பைக் கழற்றியவர் உள்ளே வராமல் நின்று சுவரையே பார்த்தார். "குத்துவிளக்கு ஏத்துற வீட்டுக்கு இது ஆவாது தம்பி. வெள்ளைச் சேலையச் சுத்தி வெச்ச மாதிரி இருக்கு" என்றார். நீங்கள் அவருக்கும் நார்வே வெயில் கதையைச் சொன்னீர்கள்.

அந்த வெள்ளையில் எனக்கு இருந்த பெரிய தொல்லை அழுக்குதான். அறையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில், சுவர் நெடுக, முழங்கை உயரத்தில் ஒரு கறைக்கோடு விழும். நீங்கள் நடக்கும்போது விரலால் சுவரைத் தடவிக்கொண்டே போவீர்கள். வாரம் தவறாமல் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பேன். தேய்த்துக்கொண்டே திட்டுவேன். சின்னப்பிள்ளை மாதிரி என்ன இது என்று கேட்டால், "கைப்பழக்கம் புள்ள. பெயிண்டுக்காரன் கையி, சுவத்தப் பாத்தா சும்மா இருக்குமா?" என்பீர்கள்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. பட்டப்பகலில், கப்பல் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட்ட பலகையிலிருந்து விழுந்துவிட்டீர்கள் என்று மண்டோர் வந்து சொன்னார். உங்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்கிற மனுசர், நம் வாசலில் நின்று அழுதார். "பலகை இல்லாத எடத்துல கால வெச்சுட்டாரும்மா. எத்தன வருசமா ஏறுன ஆளு, எப்படின்னே புரியல" என்றார்.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது உங்கள் அக்கா வந்தார். சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அது போதாதா?

அன்று பிடித்தது என்னை அந்தப் பயம். இந்த வீடு முன்கூட்டியே துக்கம் உடுத்திக்கொண்டது, அதனால்தான் நீங்கள் போனீர்கள் என்று மனசு சொல்லும். அடுத்த நிமிடமே, அவர் கை பட்ட சுவர், அதை மாற்ற நீ யார் என்றும் அதே மனசு சொல்லும். வெறுத்துக்கொண்டே குடியிருந்தேன். சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன்னால் சுவர் மட்டும் தனியாக வெளுத்து நிற்கும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

இந்த வருசம் கறை திரும்ப வந்துவிட்டது.

முதலில் என் தோள் துண்டு உரசியதாக்கும் என்று நினைத்தேன். தேய்த்தேன், போனது. பத்து நாளில் மறுபடியும் அதே வழியில், அதே மாதிரி கோடு. வீட்டில் இருப்பது நானும் மல்லிகாவும். யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, நடப்பதானால் நடந்துகொள்ளுங்கள், பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் அதைத் தேய்க்கவில்லை.

இன்று மல்லிகா குச்சியால் மஞ்சளைக் கலக்கிக்கொண்டே, இந்தக் கறையும் இதோடு மறைந்துவிடும் என்றாள். என்னால் அடக்கமுடியவில்லை. அதைத் தொடாதே, அது உன் அப்பா கை என்று கத்திவிட்டேன்.

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து என்னை உட்காரவைத்தாள்.

"அம்மா, அது அப்பா இல்லம்மா. நீங்கதான். கொஞ்ச நாளா சுவத்தத் தடவிக்கிட்டேதான் நடக்குறீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

நானா? உள்ளங்கையைத் திருப்பிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தேன். விரல் நுனியெல்லாம் சுவர்ப்பொடி.

உண்மைதான். சர்க்கரை வியாதி வந்ததிலிருந்தே கண்முன்னால் ஒரு புகை. பாசாரில் காய் வாங்கும்போது சில்லறையைத் தடவித்தான் பார்க்கிறேன். ஆனால் இந்த வீட்டுக்குள் மட்டும் எனக்குச் சிரமமே இல்லை. வெளுத்த சுவரில் கருநீல நிலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பெஞ்சு எங்கே என்று அந்தக் கடுகு மெத்தை சொல்லிவிடும். மேசையில் குவளை தெரியும். நடுவில் இடற ஒன்றும் கிடையாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நார்வேயும் இல்லை, வெயிலும் இல்லை. உங்களுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. தினமும் மல்லிகாவைச் செய்தித்தாளை வாசித்துக் காட்டச் சொன்னீர்களே, அதுவும் நீங்கள் சொன்னதுபோல் அவளுக்குத் தமிழ் வருவதற்காக இல்லை. கப்பல் அறையில் அந்த வர்ணத்துக்குள் நின்றபோது உங்களுக்குக் கண் தெரிந்திருக்கிறது. அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். வீட்டுக்குள் விழாமல் நடந்தீர்கள். கப்பல் பலகைக்கு உங்களுக்காக யார் நீல வர்ணம் அடித்து வைத்திருப்பார்கள்?

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டாள் மல்லிகா.

கைப்பழக்கம்தான் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சத்தியமாக, அதுதான் நாக்கு நுனியில் நின்றது. கல்யாணம் கூடிவருகிற நேரம், பிள்ளைக்கு எதற்குப் பாரம்? நீங்களும் இப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

"சரியாத் தெரியல மல்லிகா. கொஞ்ச நாளாவே தெரியல" என்றேன்.

அவள் அழுதாள், கோபப்பட்டாள், பிறகு டின்னை மூடினாள். மாப்பிள்ளை வீட்டார் இந்தச் சுவரையே பார்த்துவிட்டுப் போகட்டுமாம். திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள்.

இனி இந்தச் சுவரைப் பார்த்து நான் பயப்படமாட்டேன். உங்கள்மேல் வந்த கோபம்தான் ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தீர்களா? போனால் போகிறது. தேக்கா சந்தையில் இட்லி சுட்டு விற்றுப் பிழைக்கிறவர்கள் எத்தனை பேர். என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதில் வீட்டையே கூட்டிப் பெருக்கி, வர்ணம் அடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்தீர்களே. கோடு தெரிந்தது எனக்கு, தேய்த்தேன். அந்தக் கை என் தோளில் இருந்திருக்கலாம். நான் பக்கத்தில்தானே இருந்தேன்.