சகுரா இல்லை

அருமைத் தம்பி சேகர்,

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தானியங்கி மெஷின் வந்துவிட்டது. நான் உட்கார்ந்து லைன் போட்டுக்கொடுத்த போர்டைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். இனி நம்பரைச் சுற்றினால் நேராகப் போய்விடும், நடுவில் ஆள் வேண்டாம். எனக்கு பில் கவுண்டரில் வேலை. வருத்தமா என்று கேட்கிறார்கள். ஒன்றும் தோன்றவில்லை.

நீதான் இதை அப்போதே சொன்னாயே. மெட்ராஸ் அச்சகத்திலிருந்து லீவில் நம் ஊர் கரியமாணிக்கத்துக்கு வந்தவன், பேப்பரை நீட்டிக்கொண்டு அடுப்படிக்கே வந்தாய். "ஜப்பான்காரன் வானத்துல ஒரு சாட்டிலைட்டு வுட்டுக்கிறான்க்கா. சகுரான்னு பேரு, பூவாம். தீவுல இருக்கறவன்லாம் கம்பியே இல்லாம போன் பேசப்போறான். உன் வேலைக்கு வேட்டுதான்!"

"மொதல்ல பாகூர் பஸ்ஸு நேரத்துக்கு வரட்டும்டா" என்றேன். அம்மா சிரித்தாள்.

அன்றைக்குத்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தோம். பெயர் சொல்லி ஆளைக் கேட்கும் பி.பி. கால் ஒன்றை வாராவாரம் எங்கள் எக்ஸ்சேஞ்சுக்குப் போடுவாய். கேட்பது சகுரா என்ற ஆளை. அப்படி ஆள் இல்லை என்று நான் சொல்லிவிட்டால் பேசுவதற்கான காசு மிச்சம், நீ நலம் என்று எங்களுக்கும் தெரிந்துவிடும். நிஜமாகப் பேச வேண்டுமென்றால் என் பெயரைக் கேட்பாய். ஊரில் பாதிப் பேர் செய்த தில்லுமுல்லுதான். போர்டில் இருப்பவளே செய்தது நம் வீட்டில் மட்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நல்ல மழை. பாதி லைன் செத்துக் கிடந்தது, மீதியில் ஆளாளுக்குக் கத்தினார்கள். மெட்ராஸ் ஆபரேட்டர் ஆரம்பித்தாள்: "பி.பி. கால். சேகர் கூப்பிடறார். கேக்கறது..."

"ஆள் இல்ல மேடம்" என்று பிளக்கை இழுத்துவிட்டேன். பெயரைச் சொல்லக்கூட விடவில்லை. சாயங்காலம் அம்மாவிடம், "சகுரா கால் வந்துச்சும்மா, நல்லாக்கிறான்" என்றேன்.

நான்காம் நாள் தந்தி வந்தது. மஞ்சள் காமாலை முற்றிவிட்டதாம். காரியத்துக்கு வந்த உன் ரூம் நண்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி உங்க பேரைச் சொல்லித்தான்க்கா புக் பண்ணான். அக்கா இல்லையாம்னு வந்து படுத்துக்கினான்."

என்ன சொல்லக் கூப்பிட்டாய்? வந்து கூட்டிக்கொண்டு போ என்றா? அன்றே பஸ் ஏறியிருந்தால் பிழைத்திருப்பாயா? இப்படிக் கேட்டுக்கொள்ளும்போதும் எனக்கு அழுகை வருவதில்லை. ஹெட்போனைக் கழற்ற மறந்ததுபோல் காது அடைத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் இரண்டாவது சகுராவையும் மேலே ஏற்றிவிட்டானாம். தீவில் இருப்பவர்கள் நிஜமாகவே பேசுகிறார்களாம். உன்னிடம் காட்ட அந்தப் பேப்பரை எடுத்து வைத்திருக்கிறேன். யாரிடம் காட்டுவது?

அம்மா உன் படத்துக்குப் பூ வைக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறாள். "உசுரு போற நேரத்துல கூட நல்லாக்கிறேன்னு பொய் சொல்லிட்டுப் போனானே பாவி!" நான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறேன். என் திட்டையும் சேர்த்து இத்தனை வருஷமாக நீ வாங்குகிறாய்.

நாளை உன் திதி. இலை போடுவதற்கு முன்னால் அம்மாவை உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். நீ பொய் சொல்லவில்லை என்று. என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாய் என்று. இது சத்தியம்.

அன்றைக்கு போர்டிலேயே இருந்த
உன் அக்கா வசந்தா