சரிவில் கொட்டிய மண்

ரொம்சோஸ், ஒஸ்லோ
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க இன்று எனக்கு மனம் இல்லை. தொலைபேசியை நீங்களும் எடுப்பதில்லை, அண்ணியும் எடுப்பதில்லை. அதனால் இதை எழுதி, இப்போது உங்கள் ஊர் துரொண்ட்ஹெய்முக்குப் பறக்கிற கீர்த்திகனிடம் கொடுத்து விடுகிறேன். என்னோடு வேலை செய்கிறவர். கதவைச் சாத்திப் போடாதீர்கள்.

நானே வந்திருப்பேன். போன கிழமை மழைக்குள் ஓர் ஓடைக்கரையில் மண் பார்க்கப் போய்ச் சறுக்கி விழுந்து, காலில் கட்டோடு கிடக்கிறேன். இந்தக் கோடை முழுக்கக் கம்பியை நிலத்தில் குத்தி, வந்த மண்ணை விரலில் உருட்டிப் பார்த்து, அரசாங்க மண் வரைபடத்துக்கு நிறம் போட்டே களைத்துவிட்டேன். அந்தக் காலத்துப் பனிப்பாறை விட்டுப்போன கல்லும் மண்ணும் என்றால் பச்சை. அது உருகியபின் ஏறிநின்ற கடல் விட்டுப்போன களி என்றால் நீலம். உங்கள் வீட்டு வளவு நீலம், சரியக்கூடிய நிலம்.

அதற்குத்தானே இவ்வளவு கோபம்? “கூடப்பிறந்தவளே என்ரை வீட்டை ஒருத்தரும் வாங்காமல் பண்ணிப்போட்டாள்” என்று சொல்லித் திரிகிறீர்களாம். இங்கே குறொன்லாண்டுக் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் என்னிடமே வந்து கேட்கிறார்கள். நிறம் போட்டது நான்தான். களியைக் கொண்டுவந்து அங்கே போட்டதும் நானா, அண்ணா?

உங்கள் மகள் சாருகா பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சாமத்திய வீட்டுக்கு மண்டபம் வேண்டாம், சொந்த வளவிலேயே பந்தல் என்று நீங்கள் நின்றது ஆசையில். எனக்கும் அது ஆசைதான். ஆனால் பந்தலுக்கு இடத்தை மட்டமாக்க லொறி லொறியாக மண் எடுத்துவந்து பின்பக்கச் சரிவின் விளிம்பில் கொட்டுவீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. அந்தக் களி சும்மா இருக்கும்வரை கெட்டியாக நிற்கும். மேலே பாரம் ஏறினால் மோர் மாதிரி ஓடும், வீட்டையும் இழுத்துக்கொண்டு. இந்தக் களியைத்தான் இங்கே குவிக்லைரெ என்கிறார்கள்; அது என்னவென்று சாருகாவைக் கேளுங்கள், பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாள்.

அண்ணி அனுப்பிய படத்தில் பந்தல் கால்களுக்குப் பின்னால் புல்லுத்தரை நீளமாக வெடித்திருக்கிறது. அவ அதைக் கவனிக்கவில்லை. “வடிவா மட்டமாக்கிப் போட்டம், பார்” என்றுதான் எழுதியிருந்தா. நிலம் நகரத் தொடங்கிவிட்டது என்பதுதான் அந்த வெடிப்பு.

ஓம், கொம்யூனுக்கு, உங்கள் நகரசபைக்கு, அறிவித்தது நான்தான். உடனே வெளியேறுங்கள் என்று அவர்கள் தொலைபேசியில் எடுத்துச் சொன்னபோது, “இது என்ரை தங்கச்சி பார்த்த வேலை” என்று வைத்துவிட்டீர்களாம். நாளைக் காலை ஆட்களோடு வருகிறார்கள். இன்றிரவு அந்த வீட்டில் படுக்காதீர்கள்.

சடங்கு தள்ளிப் போகும், சனம் கதைக்கும். கதைக்கட்டும். பழியை என் தலையில் போடுங்கள். இனி ஆயுளுக்கும் என்னோடு கதைக்காமல் இருங்கள், தாங்கிக்கொள்வேன். அதற்கும் நீங்கள் உயிரோடு இருக்க வேண்டுமே, அண்ணா.

கீர்த்திகன் வாடகைக் காரோடு வாசலில் நிற்பார். சாமான் ஒன்றும் கட்ட வேண்டாம். அண்ணியையும் சாருகாவையும் கூட்டிக்கொண்டு ஏறுங்கள். கோபம் ஆறாவிட்டால் கோபத்தோடேயே ஏறுங்கள்.

கடவுள் உங்கள் மூவருக்கும் துணை நிற்கட்டும்.

உங்கள் தங்கச்சி,
நிருஜா