அண்ணன் கிரில்லில் என் கொடி

ஐப்பசி 9, ஞாயிறு.

நான் நட்ட ராசவள்ளிக் கிழங்கின் கொடி மாடி கிரில்லைப் பிடித்துவிட்டது. சொத்துப் பிரித்ததில் மாடி அண்ணனுக்கு, கீழ்வீடு எனக்கு. அன்றோடு பேச்சு நின்றது. இன்று காலை அண்ணன் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க கொடி எங்க கிரில்லுல ஏறிருச்சுங்க. வெட்டிப்போடட்டுங்களா?"

என்னை 'அம்மணி' என்று தவிர வேறெப்படியும் அவர் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு நான் 'ஏனுங்க' ஆகிவிட்டேன்.

"வெட்டிப்போடுங்க" என்றேன். 'அண்ணா' என்று சேர்க்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர் விடும்போது அண்ணாந்து பார்த்தேன். வெட்டவில்லை. கொடி தானாகக் காய்ந்த பிறகுதான் கிழங்கு தோண்டலாம், தை பிறக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும்.

வெட்டுவதென்றால் கேட்காமலே வெட்டியிருக்கலாம். அவர் கிரில்தானே.