முதலாளி வைத்த மொய்

ஜூலை 5, சனி

சம்பளம் ஏறிவிட்டது. பதிமூன்றாயிரத்து ஐந்நூறு. அவ்வளவுதான்.

விற்கும் இடத்துக்குப் போனைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் மத்தியானம் சாப்பிடப் போனபோதுதான் மெசேஜைப் பார்த்தேன். இன்னொன்று வரும், கமிஷனைத் தனியாகப் போடுவார்கள் என்று சாயங்காலம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஆரணியிலிருந்து வந்த கல்யாணக் கூட்டத்துக்கு நாற்பது புடவை விரித்துக் காட்டினேன். எந்த நிறத்தைக் காட்டினேன் என்றுகூட நினைவில்லை.

எட்டாயிரத்து முந்நூற்று ஐம்பது குறைகிறது. ஜோதிகாவின் நர்சிங் காலேஜுக்கு 21ஆம் தேதிக்குள் இருபத்தைந்தாயிரம் கட்ட வேண்டும். தபால் ஆபீஸ் கணக்கில் பதினேழாயிரம் இருக்கிறது. மீதி இந்த மாதக் கமிஷனில் சரியாகிவிடும் என்று வாய் நிறையச் சொல்லி வைத்திருந்தேன். ராத்திரி வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏறிடுச்சாம்மா?" என்றாள்.

ஏறிடுச்சு என்றேன். பொய் இல்லையே.

ஜூலை 6, ஞாயிறு

கேட்கவில்லை. கடையில் கூட்டம். கூட்டம் இல்லாவிட்டாலும் கேட்டிருக்க மாட்டேன்.

ஜூலை 7, திங்கள்

நான் கேட்பது நியாயம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

நான் இருப்பது கீழ்த் தளத்தில், பேன்ஸிப் புடவைப் பிரிவு. அங்கே கமிஷன் கிடையாது. கல்யாணப் பட்டுப் பிரிவுக்கு மட்டும்தான் விற்றதில் நூற்றுக்கு ஒரு ரூபாய். அங்கே நிற்பது காந்தா அக்கா. அக்கா தன் பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவும் பாத்திரம் வாங்கவும் ஜூனில் ஒன்பது நாள் லீவு போட்டார். அந்த ஒன்பது நாளும் முதலாளி என்னை அங்கே நிற்கச் சொன்னார். விற்றதைத் தினமும் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்திருக்கிறேன். மொத்தம் எட்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். நாலு முறை கூட்டிவிட்டேன். நாலு முறையும் அதேதான்.

நியாயம்தான். ஆனால் போய்க் கேட்பது யார்?

ஓசூரில் பெயிண்டிங் வேலையில் இருக்கும் என் வீட்டுக்காரர் டேனியலிடம் போனில் சொன்னேன். "வாய் இல்லியா உனக்கு? நீ கேக்கறியா, நான் வந்து கேக்கட்டுமா?" என்று கத்தினார். இவர் வந்தால் கடை வாசலில் சண்டைதான். ஆனி முகூர்த்தம் முடிந்ததும் யாராவது ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்துவது எங்கள் கடை வழக்கம். போன வருடம் மேரியை நிறுத்தினார்கள். அவள் ஒன்றும் கேட்கக்கூட இல்லை. கேட்டவளை விடுவார்களா?

இன்று கணக்கு அறைக்குப் போகும் படியில் பாதி ஏறினேன். மேலே முதலாளி யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. தண்ணீர் பிடிக்க வந்தவள்போலத் திரும்பிவிட்டேன். என் கையில் பாட்டில்கூட இல்லை.

ஜூலை 9, புதன்

கேட்டுவிட்டேன்!

கணக்குப் பார்க்கும் ராஜவேலு அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை. "உன் பேர்ல கமிஷன் எதுவும் ஏறலியேம்மா. பேன்ஸிக்கு ஏது கமிஷன்?"

"ஒம்போது நாள் கல்யாணப் பட்டுல நின்னேண்ணா."

"அப்டியா? முகூர்த்தம் முடியட்டும், பாக்கறேன்."

ஒரு துண்டுக் காகிதத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார். அரை மணி கழித்து வேறு வேலையாகப் போனபோது அந்தக் காகிதத்தின் மேல் டீ கிளாஸ் இருந்தது. என் பெயர் ஊறிப்போயிருந்தது.

ஜூலை 10, வியாழன்

முதலாளி என்னைப் பார்த்துவிட்டுப் போனார். சும்மாத்தான் பார்த்தாரா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு வெளிச்சத்திலேயே தெரிகிறது.

ஜூலை 13, ஞாயிறு

காந்தா அக்கா பெண் சந்தியாவின் கல்யாணம். செவிலிமேட்டில் மண்டபம். பத்து மணிக்குள் கடைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று எங்கள் எல்லோரையும் அனுப்பினார்கள். நான் இருநூற்றொன்று மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். இட்லி நன்றாக இருந்தது. ரெண்டாவது வடை வைக்கும்போது முதலாளி வந்தார்.

அக்கா ஓடிப்போய், மொய் படித்துக்கொண்டிருந்தவரிடமிருந்து மைக்கை வாங்கினார். பட்டுப் புடவையும் கண்ணில் தண்ணீருமாக அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க! ஒம்போது நாள் லீவுல இருந்தேன் நானு. வேலைக்கே போகாதவளுக்குக் கமிஷன்னு சம்பளத்துல சேத்துப் போட்டிருக்காரு எங்க முதலாளி. வெளில சொல்லிக்காம வெச்ச மொய்யிங்க இது! நான் வித்ததுக்கு மேல எட்டாயிரத்து முந்நூத்தம்பது ரூபா! அவரு குடும்பம் நல்லா இருக்கணும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இடது கையால் இலையைத் தட்டினேனோ என்னவோ, பக்கத்தில் இருந்தவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

முதலாளி ஒரு நொடி விழித்தார். பிறகு கும்பிட்டுச் சிரித்தார்.

ஐயோ, அது என் பணம். என் பொண்ணு பீஸு. எழுந்து சொல்ல முடியுமா? மணமேடைக்கு எதிரில், தாலி ஏறி அரை மணி ஆகாத நேரத்தில்? சொன்னால் நான் பொறாமைக்காரி. சொல்லாவிட்டால் நான் மடைச்சி. கை கழுவப் போன இடத்தில் கொஞ்ச நேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 14, திங்கள்

ராஜவேலு அண்ணன் இன்று கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கமிஷன் ஆளைப் பார்த்து ஏறவில்லை, கவுன்ட்டரைப் பார்த்து ஏறியிருக்கிறது. அந்த ஒன்பது நாளைக்குக் காந்தா அக்கா பெயரை எடுத்துவிட்டு என் பெயரை அவர் போட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டார்.

அவருக்கு என்னைவிடப் பயம். "எம்மா, முதலாளிக்குத் தெரிஞ்சா என்னை அனுப்பிடுவாரு. மைக்ல வேற சொல்லிட்டாங்க. இப்ப தப்புன்னு சொன்னா அவரு மானம் இன்னா ஆவறது? ரெண்டு மாசம் டைம் குடு, நான் எப்படியாவது சரி பண்றேன்."

எனக்கு ரெண்டு மாதம் எங்கே இருக்கிறது, ஏழு நாள்தான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சரிண்ணா என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

நான் ஏன் சரி என்றேன்?

ஜூலை 15, செவ்வாய்

காந்தா அக்கா கடைக்கு வந்துவிட்டார். எல்லோருக்கும் கல்யாண லட்டு. எனக்கு மட்டும் ரெண்டு. "நீதான என் எடத்துல நின்ன" என்றார். ரெண்டையும் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி பிறந்துவிட்டது

காலேஜிலிருந்து போன் செய்திருக்கிறார்கள். 21ஆம் தேதி நாலு மணிக்குள் கட்டாவிட்டால் சீட்டை அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

இன்று ஜோதிகாவிடம் உண்மையைச் சொன்னேன். அழவில்லை அவள். அது இன்னும் கொடுமை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "பரவால்லம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அதுவரைக்கும் உங்க கடையிலயே என்னைச் சேத்து வுட்டுடேன். சின்னப் பொண்ணுங்க வேணும்னு கேக்கறாங்கன்னு சொன்னியே" என்றாள்.

பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று என் கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. முதலாளி குரல் கேட்டால் பாதிப் படியிலேயே திரும்பிவிடுகிறேன். இந்தப் பயத்தையா நான் இவளுக்குச் சொத்தாக எழுதி வைக்கப்போகிறேன்?

நாளைக்கு முதலாளியிடமே போகிறேன். போவேன். இதை எழுதி வைத்துவிட்டேன், இனிமேல் பின்வாங்கக் கூடாது.

ஜூலை 18, வெள்ளி

போனேன். சொல்ல நினைத்ததை வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அறைக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன்.

படித்தார். நான் அவர் மேஜையில் இருந்த சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உக்காரும்மா. தண்ணி குடி" என்றார். பிறகு, "மைக்ல சொன்னப்ப எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. எங்க வீட்டம்மா குடுக்கச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சிக்கினேன். இப்ப இன்னா பண்ணச் சொல்ற? அந்தம்மாகிட்ட போயி, அது மொய்யில்ல, திருப்பிக் குடுன்னு கேக்கவா?"

வேண்டாம் முதலாளி என்றேன்.

"உனக்கு அவசரம் எவ்ளோ?"

"எட்டாயிரம்."

"சரி. முன்பணம்னு எழுதி வாங்கிக்க. மாசம் ஆயிரம் புடிப்பாங்க. தீபாவளிக்கு நான் பாத்துக்கறேன். இது இந்த ரூமோட இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டேன். என் பணத்தை எனக்கே கடனாகக் கொடுக்கிறார்கள் என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது. முந்நூற்றைம்பது என்ன ஆனது என்றும் கேட்கவில்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். இங்கே தேங்காய் நானே.

போகட்டும். என்னை நிறுத்தவில்லை. அதுவே இன்றைக்குப் போதும்.

ஜூலை 21, திங்கள்

பீஸ் கட்டியாயிற்று. மணி மூன்று பத்து. ரசீதை ஜோதிகா மூன்று தடவை போட்டோ எடுத்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சம்பளச் சீட்டு கொடுத்தார்கள். முன்பணப் பிடித்தம் ஆயிரம். இன்னும் ஏழு மாதம்.

சாப்பிடும் இடத்தில் காந்தா அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா சுகா இது, எதுக்குப் புடிக்கறாங்க?"

"ஜோதிகா பீஸுக்கு எட்டாயிரம் வாங்கினேங்க்கா."

"படிப்புக்கா? அதுக்குப் போயி கடன்னு எழுதிட்டாங்களா? ஒரு வேலையும் செய்யாத எனக்கே அள்ளிக் குடுத்தாரு அந்த மனுஷன். நீ கேக்கற விதத்துல கேட்டிருக்க மாட்ட. வாயுள்ள புள்ளதான் பொழைக்கும். இரு, நான் போயி தள்ளுபடி பண்ணச் சொல்லிட்டு வரேன்."

"வேணாங்க்கா" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டு ஏறினார். அவருக்கு அந்தப் படி ஒன்றும் செய்வதில்லை.

அந்தக் கால் மணி நேரம் எனக்கு வந்த பயம் இந்த ஒரு மாதத்தில் வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அக்கா இறங்கி வந்தார். யாரையும் பார்க்காமல் தன் கவுன்ட்டருக்குப் போய், மடித்து வைத்திருந்த புடவைகளைப் பிரித்து மறுபடியும் மடித்தார். கடை சாத்தும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எட்டாயிரத்து முந்நூத்தம்பதாம்மா?"

ஆமாங்க்கா என்றேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

முதலாளிக்குப் பயந்தேன். ராஜவேலு அண்ணனுக்காகவும் பயந்தேன். டேனியல் வந்து கத்துவார் என்று பயந்தேன். இவரிடம் சொல்லலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அக்கா முன்னால் போய்விட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் அக்கா ஒரு நோட்டை என் கையில் கொடுத்தார். சந்தியா கல்யாணத்து மொய் நோட்டு. முதல் பக்கத்தில் 'முதலாளி' என்று இருந்ததை இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார். மேலே, 'ஓரிக்கை சுகாசினி, 8,350' என்று என் ஊரும் பேருமாக அவர் கையெழுத்து. நாலு பக்கம் தள்ளி நான் வைத்த இருநூற்றொன்றும் இருந்தது.

"மொய்ய திருப்பாம வெச்சிக்கினா குடும்பத்துக்கு ஆவாது. சம்பளத்துல உனக்குப் புடிக்கற அன்னிக்கே மாசம் ஆயிரம் தந்துடறேன். இந்தா, இது இந்த மாசத்துது."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் அக்கா என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஆறு வருடத்தில் இதுதான் முதல் தடவை.