ஒட்டாமல் கொடுத்த கவர்

அன்புக் குருவிக்கு அப்பா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று கோபித்துக்கொள்ளாதே, ஒரு வரிக்குப் பத்து நிமிடம் ஆகிறது, நேற்றிலிருந்து எழுதுகிறேன். ஆமாம், எழுதுவது நானேதான். எட்டு மாதமாக, வாக்கிங் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு நூலகத்து மாடியில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்புக்குப் போனேன். "இந்த வயசுல தலையை வழிச்சு வாரிக்கிட்டு தினமும் யாரைப் பார்க்கப் போறீங்க?" என்று அவள் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிடுவேன். உன் பிறந்தநாளுக்குக் கடிதம் போட்டு உன்னை அசத்த நினைத்திருந்தேன். நாங்கள் நலம், நீ நலமா என்று தொடங்க வேண்டுமாம், டீச்சர் சொன்னார். நாங்கள் நலம். நீ நலமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, குருவி.

லீவில் வந்தவள், "கடலைப் பார்த்துக்கிட்டுச் சும்மா உக்காருங்க, பதினஞ்சு நாள்" என்று எங்களைப் பஸ் ஏற்றிவிட்டாய். விடுதி மேனேஜரிடம் கொடுக்கச் சொல்லி ஒரு கவர் தந்தாய். ஒட்டவில்லை. எதற்கு ஒட்ட வேண்டும், முப்பத்தாறு வருடம் லிப்ட் ஓட்டியவனுக்கு மாடி எண்ணைத் தவிர என்ன தெரியும்? இந்தத் தீவில் படகிலிருந்து இறங்கிய அவசரத்தில் கொடுக்க மறந்துபோனேன். மறுநாள் சட்டைப் பையில் தட்டுப்பட்டது. என் மகள் கையெழுத்தை முதன்முதலாகப் படிக்கப் போகிறேன் என்ற குஷியில் தென்னை மரத்தடியில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். வியாழக்கிழமை. இதயம். ஆபரேஷன். அது முடியும்வரை அப்பா அம்மாவைப் படகில் ஏற்ற வேண்டாம், ஏதாவது நேர்ந்ததாகப் படகில் தகவல் வந்தால் மட்டும் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்த "ஏதாவது" என்ற சொல்லை நாலு தடவை கூட்டிப் பார்த்தேன், நான் தப்பாகப் படித்திருக்கக் கூடாதா என்று. டீச்சர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

படகுக்காரர் விடுதிக்குப் பின்னால்தான் குடியிருக்கிறார். ஓடிப்போய்க் கேட்டேன். "டீசல் அளவாத்தான் இருக்கு பெரியவரே, புதன்கிழமை சரக்கு எடுக்கப் போறதுக்கு மட்டும்தான்" என்றார். காலில் விழாத குறை. அவரும் என்ன செய்வார்? இங்கே போன் எடுக்காது. புதனன்று கிளம்பினாலும் இரண்டு ராத்திரி ரயில், நீ வேலை பார்க்கும் ஊருக்கு நான் வந்து சேர வெள்ளி ஆகிவிடும். ஆபரேஷனுக்கு வீட்டார் கையெழுத்துக் கேட்பார்களே, இத்தனை காலம் கைநாட்டு வைத்தவனுக்குக் கையெழுத்து வந்திருக்கிற நேரத்தில் ஆள் அங்கே இல்லையே. உன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. சாய்வு நாற்காலியைத் தண்ணீருக்குள் இழுத்துப் போட்டுக் காலை நனைத்துக்கொண்டு சின்னப் பெண்ணாட்டம் சிரிக்கிறாள். அலை இல்லாத கடல், வெள்ளை மணல், வேளைக்குச் சாப்பாடு. "ஏங்க, இவ்வளவு பெரிய கடலுக்கு வந்தும் லிப்டுக்குள்ள நிக்கிற மாதிரியே மூஞ்சிய வச்சிருக்கீங்க" என்கிறாள். அவளோடு சேர்ந்து சிரிக்கிறேன், பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறேன்.

கவரை மேனேஜரிடம் கொடுக்கவில்லை. நீ கேட்டதை நானே செய்கிறேன், அம்மாவை இங்கேயே வைத்துக்கொள்கிறேன், அவளிடம் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் யாருக்கும் தெரியாமல் நீ அந்தக் கட்டிலில் ஏறுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. கவரில் உன் அறைத்தோழியின் எண் இருந்தது, எண்களை மட்டும் எனக்கு எப்போதுமே படிக்கத் தெரியும். நாளை டவுனில் சிக்னல் கிடைத்ததும் இதைப் போட்டோ எடுத்து அந்த எண்ணுக்கு அனுப்புவதாகப் படகுக்காரர் தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். வியாழனன்று காலையில் அப்பாவுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடு. சின்ன வயதில் லிப்டில் இருட்டானால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வாயே, அது போல.

டாக்டர் சொல்வதற்கு முன் எழுந்து நடக்காதே, அவசரக்காரி நீ. கண் விழித்துவிட்டாய் என்று ஒரு வரி உன் தோழியைக் காகிதத்தில் எழுதிப் படகுக்காரர் போனுக்குப் போட்டோ அனுப்பச் சொல். பெரிய எழுத்தாக இருக்கட்டும். யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டேன், நானே படிப்பேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும், கண்ணு. அடுத்த புதனும் படகு டவுனுக்குப் போகும், உன் வரியை அதில்தான் கொண்டு வருவார், அதற்குள் இன்னொரு கடிதம் எழுதி வைப்பேன். படிக்க நீ இரு.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதும்
உன் அப்பா